அப்பா இழுத்த வண்டி

பிரான்சிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்களில் அதிகக் கனமானது என் உடம்புதான். போவதற்கு முன்பு என்னை ஊதினால் பறந்துவிடுவேன் என்று தெருவில் கேலி செய்வார்கள். ஒரு வருஷம் ரொட்டியும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் உள்ளே போனதில், சென்னை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி நான் வெளியே வந்தபோது, அம்மா என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் வருகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவைத் தேடினேன். அவர் அம்மாவுக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். கன்னம் முழுக்க நரைத்த தாடியோடு ஓர் ஆள் நின்றால் அதை அப்பா என்று எப்படி நினைப்பது?

“இன்னாடி இப்படி ஊதிட்ட?” என்றாள் அம்மா. ஒரு வருஷம் கழித்துப் பார்த்த மகளிடம் சொன்ன முதல் வார்த்தை.

“இன்னாப்பா தாடி?” என்றேன் நான். என் முதல் வார்த்தையும் அப்படி ஒன்றும் உசத்தி இல்லை.

அப்பா சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அதற்குச் சக்கரம் இருக்கிறது, உருட்டிக்கொண்டு போகலாம் என்றேன். “இருக்கட்டும் பாப்பா” என்று முன்னால் நடந்தார்.

“சித்திரையிலேருந்து செரைக்கவே இல்ல. கேட்டா ஆடி வரட்டுங்கறாரு” என்றாள் அம்மா.

வாடகைக் காரில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்தோம். நான் வழி முழுக்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே அழுது கண் வீங்கியிருந்தது. அவர்கள் அதைப் பார்த்திருந்தாலும் சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்படி நினைத்துவிடுவார்களோ என்பதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

புதுச்சேரிக்குள் நுழைந்ததும் கார் வீட்டுக்குப் போகவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மாரியம்மன் கோவில் வாசலில் நின்றது. எனக்குப் பல் விளக்க வேண்டும், குளிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் தனியாக ஓர் அறையில் படுக்க வேண்டும். எங்கள் வீட்டில் தனி அறை கிடையாது என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பா கற்பூரம் ஏற்றச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். பூசாரி மணியடித்து முடித்தும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“பொண்ணுதான் வந்துருச்சே. ஆடி மூணாம் வெள்ளி, பாத்துக்க” என்றார் பூசாரி.

“ஆடியில இன்னாம்மா?” என்று கேட்டேன்.

“செடல். நீ ஊரு திரும்பி வந்துட்டா கொக்கி குத்திக்கினு வண்டி இழுக்கறேன்னு நேர்ந்துக்கினு இருக்காரு. நீ வண்டியில குந்தணும்.”

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் செடல் என்றால் விளக்கம் தேவையில்லை. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் முதுகுத் தோலில் இரும்புக் கொக்கிகளைக் குத்திக்கொண்டு, அதில் கயிறு கட்டி, தேரோ காரோ லாரியோ இழுத்துக்கொண்டு வீதிவலம் வருவார்கள். யாருடைய நன்மைக்காக வேண்டிக்கொண்டார்களோ அவர்களை வண்டியில் உட்கார வைப்பது எங்கள் தெரு வழக்கம். பெரும்பாலும் காய்ச்சலில் பிழைத்த கைக்குழந்தை உட்காரும். மிஞ்சிப் போனால் மஞ்சள் காமாலை தீர்ந்த பள்ளிக்கூடத்துப் பையன். பிரான்சிலிருந்து திரும்பிய பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

நான் பிரான்சுக்குப் போன கதை சின்னது. அம்மாவின் தங்கை, என் சித்தி, பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த நேஷனாலிட்டிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். நான் பிளஸ் டூ முடித்த வருஷம் அவளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு வருஷம் என்னிடம் இருக்கட்டும், பிரெஞ்சு கற்றுக்கொள்ளட்டும், திரும்பி வந்து காலேஜில் பிரெஞ்சே எடுத்துப் படிக்கட்டும் என்றாள். மொழி வகுப்பு ஒன்றில் என்னைச் சேர்த்து விசாவும் வாங்கிவிட்டார் சித்தப்பா. இரண்டாயிரத்து ஐந்தில் போனேன், ஆறில் திரும்பினேன்.

அங்கே எனக்கு என்ன பிடித்தது என்று காலேஜில் எல்லாரும் கேட்டார்கள். கோபுரம், பனி, மெட்ரோ என்று அவர்கள் கேட்க விரும்பியதைச் சொல்லி வைத்தேன். உண்மையில் பிடித்தது ஒரு சாவி. சித்தி வீட்டுக் கதவின் சாவியில் எனக்கென்று ஒன்று கொடுத்திருந்தார்கள். மொழி வகுப்புக்கென்று கிளம்பி, பேருந்தில் கால் போன போக்கில் ஊரைச் சுற்றிவிட்டு, நானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவேன். எங்கே போனாய், யாரோடு பேசிக்கொண்டிருந்தாய், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு வாய் கேட்காது. எங்கள் தெருவில் நான் முனைக்கடைக்குப் போய் உப்பு வாங்கி வருவதற்குள் நாலு பேர் எங்கே போகிறேன் என்று கேட்பார்கள், நாலு பேர் எங்கே போய்வந்தேன் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பூட்டு இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

அதனால் பங்குனியில், திரும்பும் நாள் நெருங்க நெருங்க, அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. ஒருநாள் குழந்தைக்குக் கேரட் மசித்துக்கொண்டே சித்தியிடம் கேட்டுவிட்டேன். “சித்தி, நான் இங்கயே இருந்து படிக்கட்டுமா?” சித்திக்கும் ஆசைதான். அவளுக்குக் கை உதவி. ஆனால் உங்கப்பனிடம் கேட்காமல் முடியாது என்றாள். அவளே போன் செய்தாள். நான் அடுத்த அறையில் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டு காதை மட்டும் போன் பக்கம் வைத்திருந்தேன்.

“உங்கப்பா ஒடனே சரின்னுட்டாருடீ. அவ இஷ்டம்னு சொல்லிட்டாரு” என்றாள் சித்தி.

எனக்கு ஒரே சந்தோஷம். அதற்குள்ளேயே ஒரு சின்ன முள். ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டாரா? நாலு நாள் யோசிக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாமே. கேட்டது கிடைத்துவிட்டாலும் கொடுத்தவர் ஏன் சுலபமாகக் கொடுத்தார் என்று கோபிக்கிற பிறவி நான்.

கடைசியில் விசா நீட்டிப்புத்தான் கிடைக்கவில்லை. சித்தப்பா என்னை அழைத்துக்கொண்டு மூன்று முறை அந்த அலுவலகத்து வரிசையில் நின்றார். மொழி வகுப்புக்கு நான் ஒழுங்காகப் போகவில்லை, அந்த நேரத்தில் பேருந்தில் சுற்றினேன் என்பது அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் முடியாது என்றாள். அன்று அழ ஆரம்பித்தவள் விமான நிலையம் வரைக்கும் அழுதேன்.

அந்த அழுகையோடு வந்து இறங்கியவளுக்காகத்தான் அப்பா முதுகைக் குத்திக்கொள்ளப் போகிறார். நான் திரும்பி வந்ததற்கு அம்மனுக்கு நன்றி. திரும்பி வரக் கூடாது என்று நான் பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியப் போகிறது? தெருவுக்கு அவர் சொன்ன காரணம் வேறு. நான் போன வருஷத்து ஐப்பசியில் பாரிசைச் சுற்றிப் புறநகர்களில் கலவரம் நடந்தது. இளைஞர்கள் கார்களைக் கொளுத்தினார்கள். அதைத் தமிழ்ச் சேனல்களில் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். “கார்லாம் எரிஞ்சுது இல்ல, அப்ப நேர்ந்துக்கிட்டது” என்று அப்பா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். வந்து பார்த்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்து, நெருப்புக்கு நடுவிலிருந்து தப்பி வந்தவளைப் போல் பார்த்தார்கள்.

சித்தி வீட்டுத் தெருவில் அப்போது எரிந்தது ஒரே ஒரு குப்பைத்தொட்டி. அதுவும் அணைந்த பிறகுதான் நான் பார்த்தேன்.

ஆடிக்கு முன்பே காலேஜ் திறந்துவிட்டது. என் வயதுக்காரர்கள் இரண்டாம் வருஷத்தில் இருந்தார்கள். நான் முதல் வருஷத்தில் பாப்பாக்களோடு உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பாப்பாக்களுக்கு நான் பிரான்ஸ் ரிட்டர்ன். பக்கத்தில் உட்கார்ந்தவள் நகரத்தில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். ஆமாம் என்பதற்கு நான் பிரெஞ்சில் ‘உய்’ என்றால் அவளும் ‘உய்’ என்பாள். என் தலைமுடியை எப்படி வாரியிருக்கிறேன் என்று பார்த்து மறுநாள் அப்படியே வாரிக்கொண்டு வருவாள். அப்பா என்ன செய்கிறார் என்று ஒருநாள் கேட்டாள்.

“டிரான்ஸ்போர்ட்ல இருக்காரு” என்றேன்.

பொய் இல்லை. தான் வேலை செய்த மில் மூடியபிறகு அப்பா மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் தண்ணீர் கேன்களை டிரான்ஸ்போர்ட் செய்துகொண்டுதான் இருந்தார். முன்பக்கம் பலகை, அதற்கடியில் இரண்டு சக்கரம், பின்னால் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், எங்கள் தெரு என்று வீடு வீடாகப் போடுவார். செடலுக்கு இழுக்கப் போவதும் அந்த வண்டியைத்தான். மற்றவர்கள் காரும் வேனும் இழுக்கும்போது இது சின்ன வண்டி ஆயிற்றே என்று யாரோ கேட்டதற்கு எதிர்வீட்டு மாமா சொன்னாராம்: “வண்டி சின்னதா இருந்தா இன்னா? ஏறப்போற பாரத்தப் பாத்தியா?” அது என் காதுக்கு வந்து சேர அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

எனக்குத் தூக்கம் போயிற்று. ஊர்வலம் மணிக்கூண்டைச் சுற்றித்தான் வரும். வெள்ளிக்கிழமை மாலையில் காலேஜ் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்பதும் அதே மணிக்கூண்டில்தான். நான் மஞ்சள் சேலையில் நனைந்து, கையில் வேப்பிலையோடு, கேன் வைக்கும் பலகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முதுகில் கொக்கி மாட்டிய என் டிரான்ஸ்போர்ட் அப்பா இழுக்க, ஆடி அசைந்து அவர்கள் முன்னால் போக வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் முகம் சூடாகும். சாதம் பிசைந்த கை அப்படியே நிற்கும்.

முதலில் அம்மாவிடம் நியாயம் பேசினேன்.

“அங்க ஒண்ணுமே நடக்கலம்மா. எங்க தெருவுல ஒரு காருகூட எரியல. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல.”

“ஆங். ஒண்ணும் நடக்காம பாத்துக்கினா இல்ல? அதுக்குத்தான்டீ வேண்டுதல்” என்றாள் அம்மா.

இதற்கு மேல் எந்தக் காலேஜில் படித்தவளாலும் பதில் சொல்ல முடியாது. வேறு பக்கமாக வந்தேன். நான் உட்காராவிட்டால் என்ன, என் போட்டோவை வைத்து இழுக்கட்டுமே என்றேன். பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு எடுத்தது நன்றாக இருக்கும்.

“போட்டோவ வச்சு மாலை போட்டு இழுக்க, நீ என்ன செத்தா போயிட்ட?” கையிலிருந்த கரண்டி என்னை நோக்கி ஒருமுறை உயர்ந்து இறங்கியது.

செடல் அன்று பரீட்சை இருக்கிறது என்று ஒரு கதை கட்டினேன். இதை அம்மா நம்பவில்லை. வாசலில் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா நம்பினார். காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டியோடு, ஒருவேளைச் சாப்பாட்டில் இருந்தார். என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்:

“படிப்பு முக்கியம். அதுக்கு வேணாம்னா விட்று பாப்பா. ரெண்டு கேன வச்சு இழுத்துக்கறேன்.”

அந்தக் குரலில் கோபம் இருந்தால் நான் பிழைத்திருப்பேன். நாலு வார்த்தை பதிலுக்குக் கத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன். நிஜமாகவே கேன் போதும் என்று சொன்னார். எனக்குப் பதிலாக இரண்டு கேன். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு, “சரி, வரேன், போதுமா?” என்று எரிந்து விழுந்தேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேனை எடுத்தார்.

மூன்றாம் வெள்ளி மத்தியானம் வைத்திக்குப்பம் கடற்கரையில் கூடினார்கள். படகுகளுக்கு நடுவில் பம்பையும் உடுக்கையும். வேண்டுதல்காரர்கள் கடலில் முழுகி எழுந்து ஈர வேட்டியோடு வரிசையில் நின்றார்கள். கொக்கி குத்துகிறவர் வயதான ஆள், வாயில் வெற்றிலை. நான் பார்க்கக் கூடாது என்று வலைக் குவியல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் காதை மூட முடியவில்லை.

“எட்டுன்னுதானே சொன்ன?” என்றார் கொக்கிக்காரர்.

“இன்னும் ரெண்டு போடு” என்றார் அப்பா.

“நேர்ந்துக்கிட்டது எட்டுதானே? ஆத்தா அதுக்கு மேல கேக்க மாட்டாப்பா.”

“போடு. அது வேற கணக்கு.”

சுற்றி நின்றவர்கள் ஓஹோ என்றார்கள். “பிரான்ஸ் வெய்ட்டுக்கு எட்டு தாங்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டான்யா” என்று எதிர்வீட்டு மாமா சொல்ல, பம்பைக்காரர்கூடச் சிரித்தார். நான் அந்த மாமாவை அன்று சபித்த சாபம் பலித்திருந்தால் அவர் இன்று இருந்திருக்க மாட்டார்.

என்னைப் பலகையில் ஏற்றினார்கள். வேப்பிலையும் செவ்வந்தியும் சுற்றி வண்டியை அலங்கரித்திருந்தார்கள். பின்னால் சீட்டில் எதிர்வீட்டு மாமாவே உட்கார்ந்து திருப்புவதற்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் முதுகு எனக்கு நேர் எதிரே. மேலே இரண்டு வரிசை, அதற்குக் கீழே தனியாக இரண்டு, எல்லாவற்றிலிருந்தும் கயிறு வந்து வண்டியின் முன்கம்பியில் கட்டியிருந்தது. விபூதி பூசியிருந்ததால் ரத்தம் தெரியவில்லை. அப்பா ஓர் அடி எடுத்து வைத்தார். கயிறு விறைத்தது. பத்து இடத்திலும் தோல் கூரையாய் எழும்பியது. வண்டி நகர்ந்தது.

நான் முகத்தை வேப்பிலைக் கொத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். தெருவுக்குத் தெரு பெண்கள் வந்து அப்பாவின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், மிச்சத்தை என் தலையில் ஊற்றினார்கள். சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. என் மடிப்புகளெல்லாம் ஊருக்குத் தெரிந்தன. இலைகளின் சந்து வழியாக நான் தேடியது ஒன்றே ஒன்றுதான், மணிக்கூண்டு இன்னும் எவ்வளவு தூரம் என்று.

அது வந்தே விட்டது. பஸ் நிற்கும் இடத்தில் காலேஜ் பைகளோடு ஒரு கூட்டம். அதில் என் பக்கத்து சீட்டுக்காரி, என்னைப் போலவே தலை வாரிக்கொண்டு. முதலில் அப்பாவின் முதுகைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்தினாள். பிறகு கயிறு வழியாகக் கண்ணை ஓட்டிக்கொண்டு வந்தாள். வண்டி, பலகை, நான்.

சரியாக அந்த நேரத்தில் முன்சக்கரங்களில் ஒன்று சாக்கடை மூடியின் விளிம்பில் மாட்டிக்கொண்டது.

அப்பா இழுத்தார். வண்டி வரவில்லை. இன்னும் குனிந்து இழுத்தார். பத்துக் கொக்கியும் தோலை இழுத்துக்கொண்டு வர, முதுகே அவரை விட்டுக் கழன்று என் பக்கம் வந்துவிடும்போல் இருந்தது. கீழே தனியாக இருந்த இரண்டிலிருந்தும் மெல்லிய சிவப்புக் கோடு இறங்கியது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் எழுப்பும் சத்தம் அது. நான் வேப்பிலையைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

“குந்து! எறங்கக் கூடாது. எறங்குனா நேர்த்தி போச்சு” என்று பின்னாலிருந்து மாமா கத்தினார். அவர் குரலில் இப்போது கேலி இல்லை.

உட்கார்ந்தேன். செய்வதற்கு வேறு ஒன்றுமே இல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்தால் உடம்பு இலேசாகிவிடும் என்று எந்த முட்டாள் சொன்னானோ தெரியாது, ஆனால் அந்த நிமிஷம் நான் அதை முழுசாக நம்பினேன். வயிற்றை உள்ளே இழுத்து, தோளைத் தூக்கி, பலகையின் மேல் என் பாரம் படாதபடி உட்கார்ந்தேன். தின்ற வெண்ணெய் ஒவ்வொரு கரண்டியும் ஞாபகம் வந்தது. ஜவுளிக்கடைக்காரி பார்க்கிறாளா இல்லையா என்பது மறந்தே போயிற்று. ரெண்டு பையன்கள் ஓடிவந்து சக்கரத்தைத் தூக்கிவிட்டார்கள். வண்டி நகர்ந்தது. கோவில் வரும் வரைக்கும் நான் முழுசாக மூச்சு விடவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அவள் அங்கேயே நின்றிருந்தாள். பஸ் வந்து போயிருந்தது. திங்கட்கிழமை காலேஜில் அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையை மட்டும் பழையபடி இரட்டைப் பின்னலாய்ப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

கோவிலில் கொக்கிகளைக் கழற்றி, துளைகளில் விபூதியை வைத்து அழுத்தி அனுப்பினார்கள். அம்மா கூழ் ஊற்ற அங்கேயே நின்றுவிட்டாள். அப்பாவை நான் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். பாயில் குப்புறப் படுத்தார். மஞ்சளும் விபூதியும் குழைத்துப் போடச் சொல்லி அம்மா கிண்ணத்தில் வைத்திருந்தாள். வாசல் கதவு எப்போதும்போல் திறந்தே கிடந்தது, தெருவில் இன்னும் பம்பைச் சத்தம். நான் பக்கத்தில் உட்கார்ந்து மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாய்ப் போட ஆரம்பித்தேன்.

“வலிக்குதாப்பா?”

“இல்ல.” நான் எட்டாவதற்கு வந்தபோது, முகத்தைப் பாயில் வைத்தபடியே கேட்டார். “உனுக்கு அந்த ஊரு ரொம்பப் புடிச்சிருந்துச்சு, இல்ல பாப்பா?”

என் விரல் நின்றுவிட்டது.

“உங்க சித்தி போன் பண்ணுச்சே, சித்திரை பொறக்கறதுக்கு முன்னாடி. அவ இங்கயே இருந்து படிக்கறேங்கறான்னு. அவ இஷ்டம்னு சொல்லிட்டேன். பெத்தவன் வேற இன்னா சொல்றது? நீ நல்லா இருந்தா சரின்னு போன வச்சுட்டேன். வச்சுட்டு நேரா கோவிலுக்குப் போனேன்.”

எட்டாவதிலும் மஞ்சளை வைத்தேன்.

“மனசு கேக்கல. திருப்பி அனுப்பிடு ஆத்தா, எட்டுக் கொக்கி குத்திக்கறேன்னுட்டேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு ஆத்தாகிட்ட வேற ஒண்ணு கேட்டுட்டேன். அந்த ஆபீசுக்காரங்க முடியாதுன்னு சொன்னதா சித்தி சொன்னப்பத்தான் எனக்குத் திக்குனு ஆச்சு. அவங்களா சொன்னாங்க? நான்தான் சொல்ல வச்சேன்.”

“காரு எரிஞ்சதுக்குன்னு சொன்னியேப்பா?”

“ஊருக்கு வேற இன்னா சொல்றது? எம் பொண்ணு வரமாட்டேன்னுச்சு, புடிச்சு இழுத்தாந்துட்டேன்னா சொல்றது?”

அவர் சிரிக்கப் பார்த்தார். முதுகு அசைந்ததில் வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டார்.

“வந்ததுலேருந்து உம்மூஞ்சி சரியில்ல. கார்லயே பாத்தேன். அதான் கூட ரெண்டு போடச் சொன்னேன். எட்டு ஆத்தாளுக்கு. அது ரெண்டும் உனுக்கு. உன் ஆசையக் கெடுத்ததுக்கு.”

ஒரு வருஷம் வகுப்புக்கு மட்டம் போட்டுப் பேருந்தில் சுற்றியவள் நான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாளின் கம்ப்யூட்டரில் இருந்தது என் கணக்கு. அதை இப்போது அவரிடம் சொன்னால் அந்த இரண்டு துளைக்கும் அர்த்தம் இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் என் குற்றத்தை அவர் சுமந்துகொண்டு படுத்திருப்பார். எது சரி என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவர் தாடி வளர்த்த மாதங்களையும், பெட்டியைத் தோளில் தூக்கியதையும், கேன் போதும் என்று சொன்னதையும் நினைத்துக்கொண்டு, வெட்கத்தில் என் காது இரண்டும் எரிய உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“யாரும் இழுக்கலப்பா. எனக்கேதான் வரணும்னு இருந்துச்சு. நானாத்தான் வந்தேன்.”

அப்பா பாயில் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளையைக் கண்டிக்கிற மாதிரி சொன்னார்:

“வெள்ளிக்கெழம அதுவுமா பொய் சொல்லாத பாப்பா.”

மேலே எட்டும் போட்டு முடித்திருந்தேன். கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை எல்லாம் வழித்து, கீழே தனியாக இருந்த அந்த இரண்டிலும் வைத்தேன்.